மேடையில் ஒளி

குடத்துக்குள் வைத்த விளக்கு என்றும், குன்றின்மேல் வைத்த விளக்கு என்றும் நம் பெரியோர் இருவகை விளக்குகளைப் பற்றிச் சொல்வார்கள். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அது பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். ஆனால் காட்ட வேண்டியதைக் காட்டாது. சென்ற ஆண்டு எங்கள் பள்ளி மேடையில் இருந்தவை அந்த மூன்றாவது வகை விளக்குகளே.

சென்ற ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி எலிசபெத் அம்மாளாக நடித்தாள். அவள் ஊர் பூம்பாறைக்கும் அப்பால் உள்ள மன்னவனூர். அவளுடைய தாயார் பூண்டுத் தோட்டத்தில் வேலை செய்பவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மலைப்பாதையில் பஸ் ஏறி வந்து, இடமில்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாடகம் பார்த்தார். முடிந்ததும் மகளிடம், “நீ எந்தப் பக்கம் நின்ன தாயி? உன் கொரலு மட்டும்தான் கேட்டுச்சு” என்றார். எங்கள் தோழி சிரித்துச் சமாளித்தாள். இரவு விடுதியில் படுத்தபின் அவள் அழுததை நாங்கள் அறிவோம்.

அன்று மேடையில் விளக்குகளுக்குக் குறைவே இல்லை. குடில் நட்சத்திரத்தில் ஒரு பெரிய விளக்கு. வளைவு முழுவதும் சீரியல் பல்புகள். உச்சியில் ஹாலஜன் விளக்குகள். இவ்வளவு இருந்தும் ஒரு முகம் தெரியாமல் போனது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான், இவ்வாண்டு விழா நாடகத்தின் ஒளியமைப்புப் பொறுப்பைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் கேட்டு வாங்கிக்கொண்டோம். எங்கள் அறிவியல் பாடத்தில் ஒளியியலும் மின்னியலும் இருக்கின்றன. “புத்தகத்தில் படித்ததை மேடையில் காட்டுங்கள் பார்க்கலாம்” என்று அறிவியல் டீச்சர் சொல்லிவிட்டார். நாங்கள் கற்றவற்றைத் தங்கைகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறோம்.

தீவட்டி முதல் மின்விளக்கு வரை

நம் நாட்டுத் தெருக்கூத்து இரவு முழுவதும் நடப்பது. மின்சாரம் வராத காலத்தில் தீப்பந்தமும் எண்ணெய் விளக்கும்தான் அதற்கு ஒளி. பின்னர் பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது. குறைந்த வெளிச்சத்திலும் முகம் தெரிவதற்குக் கூத்துக் கலைஞர் பூசும் அழுத்தமான வண்ணங்கள் உதவுகின்றன. கிரீடத்திலும் புஜங்களிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் சிறு சுடரையும் வாங்கித் திருப்பி வீசுகின்றன.

மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ஆம் ஆண்டில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதில் சிறுவர்களாகச் சேர்ந்தவர்களே பிற்காலத்தில் புகழ்பெற்ற டி. கே. எஸ். சகோதரர்கள். இத்தகைய கம்பெனி நாடகங்கள் ஊர் ஊராகச் சென்றன. நவாப் ராஜமாணிக்கம் அவர்களின் குழு, காட்சி அமைப்புகளுக்கும் தந்திரக் காட்சிகளுக்கும் பெயர் பெற்றது. அக்குழு நம் ஆண்டவரின் வரலாற்றை ‘இயேசுநாதர்’ என்ற நாடகமாக நடத்தியது என்பதை அறிந்து நாங்கள் மகிழ்ந்தோம்.

மேல்நாடுகளிலும் முதலில் மெழுகுவர்த்தி, எண்ணெய், வாயு விளக்குகளே இருந்தன. சுண்ணாம்புக் கட்டியை மிகச் சூடான சுடரில் வைத்தால் அது கண் கூசும் வெண்ணிற ஒளியைத் தரும். இதுவே ‘லைம்லைட்’. லைம் என்றால் இங்கே எலுமிச்சை அன்று, சுண்ணாம்பு! 1837-இல் லண்டன் நாடக அரங்கு ஒன்றில் இது பயன்பட்டது. பிறகு 1881-ஆம் ஆண்டு லண்டன் சவாய் அரங்கம், முழுவதும் மின்விளக்குகளால் ஒளியூட்டப்பட்டது. ஏறத்தாழ 1,200 ஸ்வான் விளக்குகள் அங்கே எரிந்தன. மக்கள் அஞ்சாமல் இருக்க, அரங்கத்தின் உரிமையாளர் டாய்லி கார்ட் எரிகிற பல்பு ஒன்றை மெல்லிய மஸ்லின் துணியில் சுற்றி மேடையிலேயே உடைத்தார். துணி தீப்பற்றவில்லை. அதைக் காட்டி மின்விளக்கின் பாதுகாப்பை விளக்கினார்.

ஒளி எதற்காக?

மேடை ஒளியின் முதற் கடமை, பார்க்க வேண்டியதைப் பார்க்கச் செய்வது. இரண்டாவது, இடத்தையும் நேரத்தையும் உணர்த்துவது: பகலா இரவா, அரண்மனையா சிறையா என்பது. மூன்றாவது, மேடையில் எங்கே நோக்க வேண்டும் என்று நம் கண்ணை அழைத்துச் செல்வது. நான்காவது, மகிழ்ச்சி, சோகம், அச்சம் முதலிய உணர்ச்சிகளுக்குத் துணை நிற்பது. அழகு இந்த நான்கையும் பின்தொடர்ந்து வரும். நாங்கள் சென்ற ஆண்டு அழகை முதலில் வைத்தோம். முகம் கடைசிக்குப் போய்விட்டது.

ஒளியில் நாம் மாற்றக்கூடியவையும் நான்குதான்: அதன் பலம், நிறம், விழும் இடமும் திசையும், அசைவு அல்லது மாற்றம். இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

திசை: நிழலே ஆசிரியை

விடுதியில் இருந்தவர்களுக்கு ஒரு விளையாட்டு தெரியும். விளக்கணைந்த பிறகு டார்ச்சை மோவாய்க்கு அடியில் பிடித்துக்கொண்டு பேய்க்கதை சொல்வது! நேற்றுவரை சாதுவாய் இருந்த தோழி அந்தக் கணத்தில் பேயாகிவிடுகிறாள். ஏன்? சூரியனோ வீட்டு விளக்கோ மேலிருந்துதான் ஒளி தரும் என்று நம் கண் பழகியிருக்கிறது. ஒளி கீழிருந்து வந்தால் மூக்கின் நிழல் நெற்றிக்கு ஏறுகிறது. முகம் இயல்பு மாறிவிடுகிறது.

அதே டார்ச்சை நேர் உச்சியில் பிடித்தால் புருவத்தின் நிழல் கண்களை மூடிவிடும். கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிகள்தாம் தெரியும். எங்கள் ஹாலஜன் விளக்குகள் செய்த பிழை இதுவே. முகத்துக்கு நேர் எதிரே பிடித்தாலோ நிழலே இல்லாமல் முகம் தோசைக்கல்லைப் போல் தட்டையாகிவிடும். முதுகுப் பக்கம் பிடித்தால் தலைமுடியின் ஓரம் மட்டும் மின்னும், முகம் கறுத்துவிடும். குடில் நட்சத்திரத்தின் பெரிய விளக்கு இந்தக் கடைசிப் பிழையைச் செய்தது. அது எலிசபெத் அம்மாளின் முதுகுக்கும் பார்வையாளர் கண்களுக்கும் ஒளி தந்தது. கண் கூசியவர்களுக்கு முகம் எப்படித் தெரியும்?

அப்படியானால் சரியான திசை எது? அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆசிரியர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932-இல் ஒரு நூல் எழுதி இதற்கு எளிய வழி சொன்னார். நடிப்பவரின் முன்புறம் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரு விளக்குகள். இரண்டும் ஏறத்தாழ 45 பாகை உயரத்தில் இருந்து விழ வேண்டும். ஒன்றின் நிறம் சற்றுச் சூடாகவும் மற்றதன் நிறம் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருந்தால், முகத்தின் மேடு பள்ளங்கள் இயல்பாகத் தெரியும்.

45 பாகையை எப்படி அளப்பது? எங்கள் விளையாட்டு மைதானத்தில் சூரியனே கற்றுத் தந்தார். முற்பகலில் ஒரு நேரத்தில் நம் நிழலின் நீளம் நம் உயரத்துக்குச் சமமாக இருக்கும். அப்போது சூரியன் 45 பாகையில் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் எல்லார் முகமும் தெளிவாய் இருந்தது. மேடைக்கும் அதே கணக்குத்தான். முகத்திலிருந்து 10 அடி முன்னால் விளக்கு இருந்தால், முகத்தைவிட 10 அடி உயரத்தில் அது இருக்க வேண்டும். எங்கள் மண்டபத்தின் கூரை தாழ்வு என்பதால் அவ்வளவு உயரம் கிடைக்கவில்லை. கிடைத்த உயரத்தில் கட்டினோம். 45 பாகை என்பது வழிகாட்டி, கட்டளை அன்று.

பலம்: தூரம் கூடினால் ஒளி குறையும்

திறந்த பல்பு ஒன்று 2 மீட்டர் தொலைவில் தரும் வெளிச்சம், 4 மீட்டர் தொலைவில் பாதியாகும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பாதி அன்று, கால் பங்கு! தூரம் இரு மடங்கானால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுகிறது. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்குதான். ஆகவே விளக்கை இரண்டடி நகர்த்துவதும் சிறிய செய்தி அன்று.

ஒளியைப் பரப்பும் விளக்கு ஃப்ளட் லைட். வில்லையின் உதவியால் ஓரிடத்தில் குவிப்பது ஸ்பாட் லைட். பின்திரைக்கு முன்னது ஏற்றது; முகத்துக்குப் பின்னது ஏற்றது.

எங்கள் மேடை 24 அடி அகலம். அதன் முன்பகுதியை இடம், நடு, வலம் என மூன்றாகவும், பின்பகுதியை அவ்வாறே மூன்றாகவும் சாக்பீஸால் பிரித்தோம். பிறகு ஒருத்தி ஒவ்வொரு கட்டத்திலும் நிற்க, மற்றவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம். பழைய விளக்குகளைப் போட்டதும் உண்மை புலப்பட்டது. நடுக் கட்டத்துக்கும் வலக் கட்டத்துக்கும் இடையே ஓர் இருண்ட பட்டை! சென்ற ஆண்டு எங்கள் தோழி நின்றது சரியாக அந்தப் பட்டையில்தான். ஒரு விளக்கின் வட்டம் முடியும் முன்பே அடுத்த விளக்கின் வட்டம் தொடங்கி, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிய வேண்டும். ஓடு வேய்வதும் அப்படித்தானே?

இவ்வாண்டு வாடகைக்கு எட்டு எல்.இ.டி. பார் விளக்குகள் எடுத்தோம். கல்யாண மேடைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்பகுதியின் மூன்று கட்டங்களுக்கும் தலா இரண்டாக ஆறு, பின்திரைக்கு இரண்டு. “பேசுகிறவர்கள் எல்லாரும் முன்பகுதிக்கு வந்து பேசுங்கள்” என்று நடிப்பவர்களிடம் கேட்டுக்கொண்டோம். விளக்கு குறைவாக இருந்தால், ஆள் ஒளியைத் தேடி வர வேண்டும்.

நிறம்: சாயம் வேறு, ஒளி வேறு

ஓவிய வகுப்பில் சிவப்பையும் பச்சையையும் குழைத்தால் மண்ணிறம் வரும். மேடையில் சிவப்பு ஒளியையும் பச்சை ஒளியையும் ஒரே இடத்தில் விழச் செய்தோம். வந்தது மஞ்சள்! அதனுடன் நீல ஒளியைச் சேர்த்தால் வெள்ளை. சாயம் ஒளியை விழுங்குகிறது. ஆகவே சாயத்தைச் சேர்க்கச் சேர்க்க இருட்டு. ஒளியைச் சேர்க்கச் சேர்க்க வெளிச்சம்.

வண்ணத் தாள் ஒளிக்கு நிறம் கொடுப்பதில்லை. வெள்ளை ஒளியில் உள்ள ஒரு நிறத்தை மட்டும் வழிவிட்டு மற்றவற்றைத் தடுத்துவிடுகிறது. நம் கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தைப் பற்றி அனைவரும் அறிவோம். 1899-இல் இங்கே நிறுவப்பட்ட அந்த ஆய்வுக்கூடத்தில் 1904 முதலே, சூரிய ஒளியில் கால்சியத்துக்கு உரிய ஒரு நிறத்தை மட்டும் பிரித்தெடுத்து அதில் சூரியனைப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் நுட்பமான கருவியால் மிகத் துல்லியமாகச் செய்ததன் எளிய தங்கை என்று எங்கள் வண்ணத் தாளைச் சொல்லலாம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சிவப்புச் சேலை கட்டியவள்மீது பச்சை ஒளி விழுந்தால் சேலை கறுப்பாகத் தெரியும். சேலை திருப்பி அனுப்பக்கூடிய சிவப்பு நிறம் அந்த ஒளியில் இல்லையே! பட்டுப்பாவாடைகளை எல்லாம் மேடையில் பரப்பி, ஒவ்வொரு நிற ஒளியிலும் பார்த்தோம். அருகில் நின்ற சிஸ்டரின் வெள்ளை அங்கி மட்டும் எல்லா நிறங்களையும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. “சபை உடுப்புக்கு இப்படி ஒரு நன்மை இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!” என்று சிஸ்டரும் சிரித்தார்.

நம்மவர் முகத்துக்கு இளமஞ்சளும் இளஞ்சிவப்பும் பொருந்துகின்றன. பச்சை ஒளியில் எல்லாரும் காய்ச்சல்காரர்போல் தெரிந்தோம். இரவுக்கு நீலம் என்றாலும் முகத்தில் கரும் நீலத்தை ஊற்றிவிடக் கூடாது; பின்திரையில் ஆழ்ந்த நீலமும் முகத்தில் வெளிறிய நீலமும் போதும். பின்திரைக்கு நீலம் ஏன் ஏற்றது என்பதை நம் பழனிமலையே சொல்லும். கிட்டே உள்ள மலை பச்சை, அடுத்தது நீலப்பச்சை, அதற்கும் அப்பால் வெளிர் நீலம். இடையில் உள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் தொலைவு நமக்கு நீலமாகத் தெரிகிறது. பின்திரைக்கு நீலம் தந்ததும், பத்தடி தள்ளியிருந்த துணி பல மைல் தூரம் போய்விட்டது.

மலைமூடுபனியும் ஒரு பாடம் தந்தது. ஒத்திகை நடந்த ஒரு மாலையில் ஜன்னல் வழியே மூடுபனி மண்டபத்துக்குள் நுழைந்தது. அதுவரை கண்ணுக்குத் தெரியாதிருந்த ஒளிக்கற்றைகள் தூண்களைப்போல் நின்றன! ஒளி எதன்மீதாவது பட்டு நம் கண்ணை வந்தடைந்தால்தான் தெரியும்; பனியின் நுண்துளிகள் அந்த வேலையைச் செய்தன. பெரிய அரங்குகளில் இதற்கென்றே புகை விடுவார்கள். எங்களுக்கு முகம் மங்கியது, ஜன்னல்களைச் சாத்திவிட்டோம்.

மாற்றம்: ஒரு ஜெபத்தின் நேரம்

இவ்வாண்டு நாங்கள் எடுத்துக்கொண்ட கதை, 2022-ஆம் ஆண்டு மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் அவர்களுடைய வாழ்க்கை. நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். அரண்மனை, வீடு, பாறை, மலை என்று காட்சிகள் மாறுவதால் ஒளியும் மாற வேண்டியிருந்தது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் எண் கொடுத்து, நாடகப் பிரதியின் ஓரத்தில் எழுதினோம். எந்தச் சொல் முடிந்ததும், எந்த விளக்கு, எவ்வளவு நேரத்தில் என்று மூன்று செய்திகள் அதில் இருக்கும். இருட்டில் கடிகாரம் பார்க்க முடியாது. ஆகவே ஒருத்தி மனத்துக்குள் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வாள். எங்கள் வேகத்தில் அதற்கு ஏறத்தாழ 15 வினாடி. வைகறை புலர இரண்டு மந்திரம், விளக்கு மங்க அரை மந்திரம் என்று கணக்கு வைத்தோம்.

ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி டிம்மர். முற்காலத்தில் உப்புநீர் நிரம்பிய பாத்திரத்தில் இரண்டு உலோகத் தகடுகளை நெருக்கியும் விலக்கியும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். அது உயிருக்கு உலை வைக்கும் முறை. யாரும் முயன்று பார்க்கக் கூடாது. இன்று சிறு பலகையில் உள்ள குமிழை நகர்த்தினால் போதும்.

ஒளியால் எவ்வளவு செய்யலாம் என்பதற்குக் கல்கத்தாவின் தாபஸ் சென் (1924–2006) சான்று. 1959-இல் உத்பல் தத் இயக்கிய ‘அங்கார்’ என்ற வங்க நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர் மூழ்குவதை அவர் ஒளியாலேயே காட்டினார். அதே ஆண்டு ‘சேது’ என்ற நாடகத்தில் மேடையில் ரயில் வருவதுபோன்ற தோற்றத்தை உண்டாக்கினார்.

இதைக் கேட்டதும் எங்களுக்கும் ஆசை வந்தது. புலியூர்க்குறிச்சியில் தேவசகாயம் தாகத்தால் தவித்தபோது பாறையிலிருந்து நீர் சுரந்தது என்பது மரபு. அக்காட்சிக்கு ஓர் அகலத் தட்டில் நீர் ஊற்றி, அடியில் கண்ணாடித் துண்டுகள் வைத்து, டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்தோம். விரலால் நீரைத் தொட்டதும் அலைகள் பாறைத் திரைமீது ஓடின. மின்சார விளக்கும் தண்ணீரும் அருகருகே இருக்கக் கூடாது என்பதால் பேட்டரி டார்ச் மட்டுமே பயன்படுத்தினோம்.

தெரியும் விளக்கும் தெரியாத விளக்கும்

சென்ற ஆண்டு இருட்டில் நின்ற அதே தோழி இவ்வாண்டு தேவசகாயத்தின் மனைவி ஞானப்பூ அம்மாளாக நடித்தாள். கணவரைச் சிறைப்படுத்திவிட்டார்கள். இரவு, அவள் கையில் ஓர் அகல்விளக்கு, பேச்சு ஐந்தே வரிகள். மேடையில் உண்மையான தீ கூடாது என்பது சிஸ்டரின் கண்டிப்பான கட்டளை. எனவே மண் அகலுக்குள் சிறு பேட்டரி விளக்கை வைத்தோம். அதன் ஒளி அவள் விரலைத் தாண்டவில்லை. அகல்தான் அவள் முகத்துக்கு ஒளி தருகிறது என்று பார்ப்பவர் நம்ப வேண்டும். உண்மையில் ஒளி தருவது வேறொன்றாக இருக்க வேண்டும். ஆகவே அகலை அவள் இடக்கையில் பிடிக்கச் செய்து, அவளுடைய இடப்பக்கம் முன்னாலிருந்த விளக்கில் மட்டும் இளமஞ்சள் தந்தோம். மற்ற பக்கத்து விளக்கை மிக மெல்லிய நீலத்தில் வைத்தோம். அகல் கதையைச் சொன்னது; மறைந்திருந்த விளக்கு வேலையைச் செய்தது.

முதலில் பாதுகாப்பு

மேடை விளக்கு அழகுப் பொருள் மட்டும் அன்று. நெருப்புக்கு நெருங்கிய உறவு. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோ நகரின் இரோக்வாய் அரங்கில், மேடை விளக்கொன்றின் பொறி திரைச்சீலையில் பற்றியது. பல வாயில்கள் பூட்டிக் கிடந்தன. விடுமுறை நாள் பகல் காட்சிக்கு வந்திருந்த 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

எங்களுக்கும் ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. சென்ற ஆண்டு ஒத்திகையில் ஹாலஜன் விளக்கின்மேல் வண்ணக் கண்ணாடிக் காகிதத்தை நேரே ஒட்டிவிட்டோம். சிறிது நேரத்தில் அது சுருங்கிக் கருகிப் புகைந்தது. நல்லவேளை, உடனே அணைத்துவிட்டோம். அன்று இருமுறை ஃப்யூஸும் போயிற்று. காரணம் கணக்கில் இருந்தது. 1,000 வாட் விளக்கு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 4.3 ஆம்பியர் எடுக்கும். நான்கையும் ஒரே 15 ஆம்பியர் இணைப்பில் சொருகினால் 17 ஆம்பியருக்கு மேல்! ஃப்யூஸ் போவது தொந்தரவு அன்று. அது நம்மைக் காப்பாற்றும் காவல்காரன். அதற்குப் பதிலாகத் தடித்த கம்பியைக் கட்டிவிடுவது காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனை அழைப்பது போன்றது. இவ்வாண்டு எட்டு எல்.இ.டி. விளக்குகளும் சேர்ந்து 1,200 வாட்டே. ஐந்து ஆம்பியருக்குச் சற்று அதிகம். அதையும் இரண்டு இணைப்புகளாகப் பிரித்துக்கொண்டோம்.

நாங்கள் கடைப்பிடித்த விதிகளைத் தங்கைகள் எழுதி வைத்துக்கொள்ளலாம்:

1. மின் இணைப்பு கொடுப்பது எலக்ட்ரீஷியனின் வேலை. நம் வேலை அன்று.

2. உயரத்தில் கட்டும் ஒவ்வொரு விளக்குக்கும் கொக்கி தவிர ஒரு சங்கிலியும் வேண்டும். கொக்கி நழுவினாலும் சங்கிலி தாங்கும்.

3. விளக்குக்கும் திரைக்கும் இடையே இடைவெளி வேண்டும். திரை காற்றில் எவ்வளவு ஆடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

4. எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளாக வைத்துப் பயன்படுத்தக் கூடாது. சுருளுக்குள் சூடு தங்கிவிடும். முழுவதும் பிரித்து, கால் தடுக்காமல் ஓரமாக ஒட்ட வேண்டும்.

5. ஈரக்கையோடும் வெறுங்காலோடும் விளக்குப் பலகையைத் தொடக் கூடாது.

6. மண்டபக் கதவுகள் எல்லாம் பூட்டப்படாமல் இருக்க வேண்டும். தீயணைப்புக் கருவி எங்கே என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

விழா நாள்

ஆண்டு விழா அன்று எங்களில் நால்வர் விளக்குப் பலகையருகே நின்றோம். மேடைக்கு முதுகு காட்ட முடியாது. கைதட்டலுக்கு வெளியே வரவும் முடியாது. பயத்தில் ஒருத்திக்கு ஜெபமே மறந்துபோய், மூன்றாம் எண் மாற்றம் சற்றுத் தாமதமாயிற்று. காற்றாடிமலைக் காட்சியில் சிவப்பு ஒளி வேண்டும் என்று முன்பு வாதாடியவர்கள் நாங்களே. ஆனால் எல்லா விளக்குகளையும் மெல்ல மங்கச் செய்து, முழந்தாளிட்டவரின் முகத்தில் ஒரே வெள்ளை ஒளியை மட்டும் விட்டதும் மண்டபத்தில் பேச்சு அடங்கிவிட்டது. ஒரு முழு மந்திரம் முடியும்வரை அதை வைத்திருந்து பிறகு அணைத்தோம்.

நாடகம் முடிந்ததும் மன்னவனூர் அம்மா வந்தார். இம்முறையும் அவர் உட்கார்ந்தது கடைசி பெஞ்சில்தான். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “வெளக்கப் புடிச்சிக்கிட்டு நின்னப்ப கண்ணுல தண்ணி வந்துச்சே, நெசமாவே அழுதியா தாயி?” என்று கேட்டார்.

எங்கள் தோழி பதில் சொல்லவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் விளக்குகளைப் பற்றி அன்று எவரும் ஒரு வார்த்தையும் பாராட்டிச் சொல்லவில்லை. அந்தத் தாயார் மண்டபத்தின் கடைசியில் இருந்து ஒரு கண்ணீர்த் துளியைப் பார்த்துவிட்டார். எங்களுக்கு அது போதும்.

ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே, அடுத்த ஆண்டு விளக்குப் பலகை உங்கள் கைக்கு வருகிறது. சாக்பீஸையும் எங்கள் குறிப்பு நோட்டையும் மேடைப் பெட்டியில் வைத்திருக்கிறோம். வேலையைத் தொடங்கும் முன் ஒன்று செய்யுங்கள்: மேடைக்குப் போகாதீர்கள்; கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். அங்கிருந்து முகம் தெரிகிறதா என்று பாருங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

– பத்தாம் வகுப்பு மாணவி